"கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்": மனநோயில் நம் வீடுகள் செய்யும் தவறுகள்

ஒன்பது வயதுப் பையனுக்கு வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. வலி காலை ஏழு மணிக்குத்தான் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. "நடிக்கிறான்" என்று வீடு முடிவு கட்டிவிடும். அங்கேதான் சறுக்குகிறோம். பதற்றத்தில் இருக்கும் குழந்தைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். பயத்தைச் சொல்லத் தெரியாத வயதில் உடம்புதான் பேசும். அடித்து அனுப்பினால் பயம் கூடும். பாவம் என்று மாதக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொண்டாலும் கூடும். வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறானா, வீட்டில் தினமும் சண்டையா என்று பார்த்து, ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்குப் பழக்க வேண்டும்.

மனச்சோர்வு வந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழும், கதவை அறைந்து சாத்தும். நாம் அதைத் திமிர் என்போம். துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு) என்று பேர் வைப்பது இப்போதைய மோஸ்தர். அந்தப் பெயருக்கு, தொல்லை 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் அமைதியான பெண்குழந்தைக்கும் அது இருக்கலாம். அவளை யாரும் கவனிப்பதில்லை.

பெரியவர்களிடமும் உடம்புதான் முந்திக்கொள்கிறது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடுவோம் என்று தோன்றும். இ.சி.ஜி. நார்மல். "ஒண்ணுமில்லை, போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அது பேனிக் அட்டாக்காக இருக்கலாம், அதற்கு வைத்தியமும் உண்டு. அதற்காக நெஞ்சுவலியை எல்லாம் மனசின் கணக்கில் எழுதவும் கூடாது. முதல்முறை என்றால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு குறைந்தாலும் வைட்டமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே சோர்வு வரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இருப்பதிலேயே கொடுமையானது கல்யாண வைத்தியம். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு, விஷயத்தை மறைத்துப் பெண் பார்க்கிறார்கள். தெரிந்துவிடுமே என்று கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாத்திரையை நிறுத்துகிறார்கள். தூக்கமில்லாத இரவுகள், சொந்தக்காரர் கூட்டம், மருந்தும் இல்லை. நோய் திரும்ப இதைவிடத் தோதான நேரம் கிடையாது. பழி மட்டும் வந்த பெண்ணின் ராசி மேல் விழும்.

மருந்து விஷயத்தில் இரண்டு இடங்களில் தடுக்கிவிழுகிறோம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலோ முதல் சில நாளிலேயே வரும். "இது ஒத்துக்கலை" என்று நிறுத்துவது முதல் தடுக்கல். இரண்டாவது, குணமானதும் நிறுத்துவது. முதல் தடவை வந்த நோய்க்கே, நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். "பழகிப்போயிடும்" என்று இதற்குப் பயப்படுபவர்கள், உண்மையிலேயே பழகிப்போகும் அல்ப்ரஸோலம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளைப் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கி விழுங்குகிறார்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அங்கே கிடைக்கும் ஆறுதல் பொய்யல்ல. மருந்துக்குப் பதிலாகப் போவதும் கட்டிப்போடுவதும்தான் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, "சாகணும்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். முயன்றுவிட்டார் என்றால், கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் செய்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பேச ஆள் வேண்டுமென்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.