வேட்டை இதழா, துப்பாக்கி இதழா? சந்தா கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களக்காடு, கடையம் பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் பன்றிக்காவல் இருப்பவர், ரைஃபிள் கிளப்புக்குப் போகிற கல்லூரிப் பையன், வீட்டில் சிப்பிப்பாறை வளர்ப்பவர் என்று வெளிநாட்டு வேட்டை, துப்பாக்கி இதழ்களைத் தேடுகிறவர்கள் நம் ஊரில் பல தரம். தேவை ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் பெரும்பாலும் அட்டைப்படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள்.

அட்டையில் மானும் துப்பாக்கியும் சேர்ந்தே இருக்கும். உள்ளே இருப்பது வேறு. அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கமே ‘அமெரிக்கன் ஹண்டர்’, ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் நடத்துகிறது. 1895-இல் தொடங்கிய ‘ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’, 1898-இல் வந்த ‘அவுட்டோர் லைஃப்’ போன்றவற்றில் விலங்கின் நடமாட்டம், காற்றடிக்கும் திசை, கால்தடம், பருவம், மீன்பிடி இவைதான் அதிகம். துப்பாக்கிக்கு ஒதுக்கும் பக்கம் கொஞ்சம். அதிலும் பாதி புது மாடலின் புகழ்ச்சி. கருவியின் உள்விவரம் வேண்டுமென்றால் 1958 முதல் வரும் ‘கன்ஸ் அண்ட் ஆம்மோ’ போன்றவற்றின் பக்கம் போக வேண்டும்.

அங்கும் சோதனை அட்டவணை இல்லாத விமர்சனத்தை விளம்பரமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டா, குண்டின் எடை, குழலின் நீளம், எத்தனை கெஜம், எத்தனை சூடு என்று ஐந்தும் இருக்க வேண்டும். மூன்று சூட்டில் ஒரு அங்குலத்துக்குள் விழுந்தது என்பதும் ஐந்து சூட்டில் விழுந்தது என்பதும் ஒன்றல்ல. சூடு கூடக்கூடக் குண்டுகள் சிதறும் வட்டம் விரியும். மூன்றோடு நிறுத்தினால் எந்தத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான்!

இதைவிடப் பெரிய தவறு, அதில் அச்சாகும் எண்களை அப்படியே இங்கே எடுத்துக்கொள்வது. ரவைத் துப்பாக்கிக்கான 12 போர் (குழல் பருமனின் அளவு) தோட்டாவில் போட்டிருக்கும் நீளம் சுட்டபின் விரிந்த நீளம். 3 அங்குலத் தோட்டா சுடுமுன் வாய் மடிப்போடு குட்டையாக இருப்பதால் 2¾ அங்குல அறையில் (குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடம்) நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுட்டால், மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னுள்ள குறுகலில் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். பழைய இரட்டைக்குழல்களில் 2½ அங்குல அறையும் உண்டு. எனவே குழலின் அடியில் பொறித்திருப்பதைப் பார்க்காமல் எந்த இதழின் சிபாரிசையும் ஏற்கக் கூடாது. ரவையின் பருமனைக் குறிக்கும் எண்ணும் அப்படித்தான், நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்க 6-ஆம் எண் ஏறக்குறைய பிரிட்டிஷ் 5-ஆம் எண்.

அமெரிக்க இதழில் ‘3 டிராம் ஈக்விவலன்ட்’ என்று வரும் (டிராம் என்பது பழைய எடை அலகு). அது மருந்தின் எடை அல்ல. 3 டிராம் கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) தரும் வேகத்தைத் தரக்கூடிய தோட்டா என்று பொருள். புகையில்லா மருந்தை அந்த எடைக்கு நிறுத்துப் போட்டால் குழல் கிழியும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு பயிர்க்காவலுக்கென்று குறிப்பிடுவது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். இதே வகையை அமெரிக்க இதழ்கள் சிறப்பிதழ் போட்டே எழுதுகின்றன. ஆனால் அங்கே பேசப்படுவது 150 கிரெயின் (இதுவும் எடை அலகு) மருந்தைத் தாங்கும்படி செய்த புதிய இரும்பு. நம் பட்டறைக் குழலில் அந்த அளவை நினைக்கவே கூடாது. புகையில்லா மருந்து இதற்கு எப்போதும் ஆகாது.

ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) வாங்க நினைப்பவர்கள் அலகில் தவறுவார்கள். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள எல்லை 4.5 மி.மீ. உள்விட்டமுள்ள குழல், 20 ஜூல் ஆற்றல். இதழ்கள் ஃபுட்-பவுண்டில் எழுதும். ஒரு ஃபுட்-பவுண்ட் 1.356 ஜூல். ‘15’ என்று சாதாரணமாகத் தெரிவதே எல்லையைத் தொட்டுவிடுகிறது. இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளுக்குச் சான்றில்லாத எல்லை 12 ஃபுட்-பவுண்ட் என்பதால் அந்நாட்டு ஏர்கன் இதழ்களின் ஆற்றல் கணக்கு நமக்கு நெருக்கம். 4.5 மி.மீ.-ஐவிடப் பெரிய .22 அங்குலக் குழல் பற்றிய பக்கங்களை மட்டும் தள்ளிவிடுங்கள்.

சட்டத்தில் வழுக்கும் இடம் இன்னொன்று. அமெரிக்க இதழ்களில் பருவம், பெர்மிட் என்று எழுதுவதெல்லாம் அங்குள்ள அந்தந்த மாநிலத்துக்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், இரை வைப்பதும், துரத்துவதும், அதற்கான முயற்சியும்கூட வேட்டைதான். பயிர்க்காவல் லைசென்ஸ் பன்றியைக் கொல்ல அனுமதி அல்ல. அது வனத்துறையிலிருந்து தனியாக வர வேண்டும். ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது கொக்கையோ மயிலையோ சுடலாம் என்பதாகாது. விளம்பரப் பக்கங்களில் வரும் சைலன்சர், நம் ஆயுதச் சட்டத்தின் வரையறையில் தானே ஒரு துப்பாக்கி. குழலை வெட்டிச் சுருக்குவதும், தோட்டா நிரப்புவதும் லைசென்ஸ் இன்றிச் செய்யக்கூடாதவை. ஆகவே தோட்டா நிரப்புதலுக்கென்றே வரும் ‘ஹேண்ட்லோடர்’ போன்ற இதழ் இங்கே படிப்பதற்கு மட்டும்தான்.

நாய்க்காக வேட்டை இதழ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் நாய்ப் பக்கம் பெரும்பாலும் மோப்பம் பிடித்து நிற்கும், விழுந்த பறவையைக் கவ்வி வரும் இனங்களுக்கானது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடுபவை. அந்தப் பழக்கமுறை அவற்றுக்குப் பாதி ஒட்டாது. உணவு, காயம், உண்ணி பற்றிய பகுதி உதவும்.

சந்தா கட்டுமுன் ஒரே ஒரு டிஜிட்டல் இதழ் வாங்கிப் பாருங்கள், ஆனால் எந்த மாதத்து இதழ் என்பதைக் கவனியுங்கள். ஜனவரியில் லாஸ் வேகாஸில் ஷாட் ஷோ கண்காட்சி நடக்கும். அதை ஒட்டிய துப்பாக்கி இதழ்கள் புதுச்சரக்கு அறிமுகமாகவே இருக்கும். இலையுதிர் காலத்து வேட்டை இதழ்களில் மான் தவிர வேறெதுவும் கிடைக்காது. மே, ஜூன் இதழ்தான் அந்தப் பத்திரிகையின் உண்மையான தரத்தைக் காட்டும். அச்சுப் பிரதிக்குத் தபால் செலவு சேர்ந்து விலை ஏறிவிடும், வந்து சேரவும் தாமதமாகும். சோதனை அட்டவணைக்காக வாங்குவதென்றால் பழைய இதழ் போதும்.