ஒட்டடையில் ஈயம் தேடுவது எப்படி?

நகரத்துக் காற்றில் ஈயமும் துத்தநாகமும் எவ்வளவு என்று அறிய, புறாவின் ரத்தத்தையும் தேனையும்கூடச் சோதிக்கிறார்கள். என் வேதியியல் மாணவர்களை நான் ஒட்டடை எடுக்கத்தான் அனுப்புகிறேன். எந்த உயிருக்கும் வலியில்லை, செலவும் குறைவு. போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில் சிலந்தி வலைகளை வைத்தே இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

எல்லா வலையும் உதவாது. தோட்டத்தில் வட்டமாகப் பின்னும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும். அதில் ஒரு ராத்திரித் தூசிதான் இருக்கும். மாடிப்படிக்கு அடியில், சுவர் மூலையில் தாறுமாறாக இழை விடும் நீளக்கால் சிலந்தியைத் தேடுங்கள். அதன் வலை நாள்கணக்கில் கிடந்து தூசி பிடிக்கும்.

மழை படாத இடமாகப் பாருங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே வேண்டாம், தை பிறக்கட்டும். பெயின்ட் உதிரும் சுவரையும் விட்டுவிடுங்கள். பழைய பெயின்டிலேயே ஈயம் இருக்கலாம், கணக்குக் கெட்டுப்போகும்.

முதலில் பழைய ஒட்டடையை முழுக்கத் துடைத்துத் தேதி எழுதிவையுங்கள். சிலந்தியைக் கொல்லாதீர்கள், இனி வேலை செய்யப்போவது அதுதான். வலையின் வயது தெரியாவிட்டால் இரண்டு தெருக்களை ஒப்பிடவே முடியாது. அறுபது நாள் கழித்துக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குச்சியில் வலையைச் சுருட்டிச் சுத்தமான குப்பியில் போடுங்கள். இரும்புக் கம்பி, கத்தி எதுவும் படக்கூடாது. பூச்சி இறக்கை, இலைத்துணுக்கை நீக்குங்கள். வலைக்கு எடையே இருக்காது. ஓர் இடத்துக்குப் பல வலைகளைச் சேர்த்தால்தான் சோதனைக்குக் காணும்.

கத்திப்பாரா போன்ற சந்திப்புக்கு அருகில் ஒன்று எடுத்தால், வண்டி அதிகம் போகாத கிராமத்தில் இன்னொன்று அவசியம். நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும், வீட்டில் கூடவே கூடாது. வலை போடாத வெற்றுக் குப்பி ஒன்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அமிலத்திலிருந்தே உலோகம் வந்ததா என்று அது காட்டிக்கொடுக்கும்.

துத்தநாகம் ஏறியிருந்தால் டயர் தேய்மானத்தையும், செம்பு என்றால் பிரேக்கையும் முதலில் சந்தேகப்படுவேன். ஈயம்தான் எனக்குக் கவலை, குழந்தைகளின் மூளையைத் தாக்குவது அது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் அன்று மண்ணில் படிந்தது இன்றும் தூசியாக எழும்பும். அதனால் அறிக்கை வந்ததும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்: பழைய பேட்டரி உருக்கும் பட்டறை உண்டா, பழைய கதவு, ஜன்னலைச் சுரண்டுகிறார்களா என்று.