ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மாற்றத்தைப் பழக்கும் முறை

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எதுவும் மாறாமல் அப்படியே இருக்க விரும்புவதை குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். ஒரு செயலை நிறுத்தி, மனத்தை அடுத்ததற்குத் திருப்புவது மூளையின் முன்மடல் பெரும்பங்கு வகிக்கும் ஒரு திறன். அதில் தடுமாறும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று சொல்வது அநியாயம்.

முதலில் ஒரு வாரம், பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யும் செயல் எப்போது, எதைத் தொடர்ந்து நடக்கிறது என்று குறித்து வையுங்கள். கையை உதறுவதும் உடலை ஆட்டுவதும் பல நேரங்களில் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளும் வழிகள் என்பதால், யாருக்கும் காயம் ஏற்படாதவரை அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. தன்னையே அடித்துக்கொண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லத் தெரியாத பல்வலியோ காதுவலியோகூடக் காரணமாக இருக்கலாம்.

பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும் சிறுவனிடம் "போதும், எழுந்திரு" என்பதற்குப் பதிலாக, "இன்னும் மூன்று கார், பிறகு குளியல்" என்று சொல்லி, குளியலறைப் படத்தை அவன் கண்ணெதிரே வைத்து, ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிக் காட்டுங்கள். மூன்றாவது கார் சேர்ந்ததும், வரிசையைக் கலைக்காமல் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும் என்ற உறுதிதான் அவனை எழ வைக்கும்.

இது பழகிய பிறகே, அவன் களைப்பாக இல்லாத வேளையில், சிறிய மாற்றம் ஒன்றை மட்டும் புகுத்துங்கள். வளரிளம் பருவத்தினரானால் அவர்களையும் கலந்து அட்டவணை எழுதி, மாறக்கூடிய வேலைக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இடச் சொல்லுங்கள்.