கெம்பஸுக்கு பஸ்ஸில் போகும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைக்கு வீட்டில் எல்லாம் ஆயத்தமாகும். புதுப் பை, புதுச் சப்பாத்து, பதிவுக் கடிதத்துக்கு நாலைந்து போட்டோ கொப்பி. பயணத்தைப் பற்றி மட்டும் "மெயின் ரோட்டில் நின்றால் பஸ் வரும்தானே" என்று விட்டுவிடுவார்கள். எட்டு மணி விரிவுரைக்கு ஏற்ற பஸ் வருமா என்று யாரும் பார்ப்பதில்லை. பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். முதல் வருடத்தில் வரவு குறைந்து தவிக்கும் பலரைக் கேட்டுப் பார்த்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகவே இருப்பார்கள். பஸ்தான் அவர்களைக் கவிழ்த்திருக்கும்.

முதலில், எந்த வளாகம் என்று கடிதத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பது கல்லடியில், திருகோணமலை வளாகம் வேறு மாவட்டத்தில். மருத்துவம் படிப்பவர்கள் மட்டக்களப்பு நகரப் பக்கம் போக வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் பிரதான வளாகம், பிரயோக விஞ்ஞான பீடமோ சம்மாந்துறையில். ஒலுவில் வாசலில் இறங்கிய பிறகு சம்மாந்துறை என்று தெரிந்தால், காரைதீவுச் சந்திக்குத் திரும்பி வந்து அம்பாறைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்றைய காலை அதோடு முடிந்தது.

அடுத்தது பஸ்ஸின் போர்டு. மட்டக்களப்பிலிருந்து வந்தாறுமூலை 16 கிலோமீற்றர் அளவுதான். வாழைச்சேனை, ஓட்டமாவடி, திருகோணமலை, பொலன்னறுவை என்று போகும் பஸ்கள் எல்லாம் கெம்பஸ் வாசலைத் தாண்டித்தான் போகும். பதுளை பஸ் அப்படியல்ல. அது செங்கலடிச் சந்தியில் இடது பக்கம் திரும்பி, கறுப்புப் பாலம் தாண்டி மகாஓயாப் பக்கம் போய்விடும். இருக்கை காலியாக இருக்கிறதே என்று ஏறினால் செங்கலடியில் இறங்கி இன்னொரு பஸ் பார்க்க வேண்டிவரும். தெற்கே ஒலுவிலுக்குப் போகிறவர்கள் அக்கரைப்பற்று அல்லது பொத்துவில் போர்டு பார்த்து ஏற வேண்டும். கல்முனை பஸ் கல்முனையோடு சரி. கொழும்பு போன்ற தூரப் பயண பஸ்களை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். சிலது குறுந்தூரத்துக்கு ஏற்றாது, ஏற்றினாலும் கூடுதல் காசு கேட்கலாம். ஏறும்போதே "கெம்பஸில் நிற்குமா அண்ணன்?" என்று கொண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி நேரம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டாருடன் போய்ப் பார்த்துவிட்டு, "முக்கால் மணித்தியாலம் போதும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஞாயிறு ரோடும் திங்கள் ரோடும் ஒன்றல்ல. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குவதால் ஆறரையிலிருந்து ஏழரை வரை பஸ் நிறையப் பிள்ளைகள். காத்தான்குடி, ஏறாவூர் இரண்டு இடத்திலும் வீதி நெரிசல். தனியார் பஸ் என்றால் ஏறாவூரிலும் செங்கலடியிலும் ஆள் சேர்க்க நிற்கும். பின்னால் வரும் பஸ்ஸின் மூக்குத் தெரியும்வரை அசையாது, தெரிந்த பிறகு பறக்கும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பிள்ளை வந்தாறுமூலைக்குப் போவதென்றால் பெரும்பாலும் மட்டக்களப்பில் மாறி ஏற வேண்டும். அந்த மாறும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே வேலை நாளொன்றில், விரிவுரைக்குப் போகும் அதே நேரத்தில், ஒரு தடவை தனியாகப் போய்ப் பாருங்கள். பிறகு உங்களுக்கென்று வைத்திருக்கும் பஸ் வராமலே விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அந்த அடுத்த பஸ்ஸும் உங்களை நேரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சேர்க்காது என்றால் நீங்கள் பிடிக்க வேண்டியது அதற்கு முந்திய பஸ்ஸை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் ஊர்களூடாகப் போகிறவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடக் காத்திருக்க வேண்டிவரும்.

திரும்பி வருவதையும் காலையிலேயே யோசிக்க வேண்டும். செய்முறை வகுப்பு நீண்டு ஐந்தரைக்கு முடிந்தால், மெயின் ரோட்டு ஊர்க்காரருக்குப் பிரச்சினை இல்லை. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைகளின் நிலைமை வேறு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு, வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்காகக் காத்துக்கிடக்கும் துன்பம் போய்விட்டது, ஆனால் உள்ளூர்களுக்குப் பஸ் இன்னும் குறைவு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது, அதைத் தவறவிட்டால் யார் வந்து ஏற்றுவார்கள் என்பது, இரண்டுக்கும் முதல் கிழமையிலேயே பதில் இருக்க வேண்டும். ஆரையம்பதிச் சந்தியில் இருட்டில் நின்றுகொண்டு சித்தப்பாவுக்குப் போன் எடுக்கும்போதுதான் போனில் சார்ஜ் இருக்காது.

காசு விஷயத்தில் பெரிய தவறு, அவசரப்பட்டு சீசன் எடுப்பது. இலங்கைப் போக்குவரத்துச் சபை மாணவர்களுக்குக் குறைந்த விலையில் சீசன் டிக்கெட் கொடுக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் அது சபையின் சிவப்பு பஸ்ஸுக்கு மட்டும்தான் செல்லும். நீங்கள் போகும் நேரத்தில் தனியார் பஸ்தான் கூட ஓடுகிறது என்றால் சீசனுக்கும் கொடுத்து, டிக்கெட்டுக்கும் கொடுப்பீர்கள். இரண்டு கிழமை போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள். மற்றப்படி, காலை பஸ்ஸில் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டாமல் சில்லறை வைத்திருங்கள். டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், இறங்கும்வரை எறியாதீர்கள்.

புட்போர்டில் தொங்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கூட்டத்தில் பையை முதுகில் போட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம், மற்றவருக்கும் இடைஞ்சல், உங்கள் போனுக்கும் ஆபத்து. இருக்கிறவரிடம் "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ அக்கா" என்று மடியில் கொடுத்துவிடலாம். எங்கள் பஸ்ஸில் அதற்கு யாரும் மாட்டேன் என்பதில்லை.

தங்கச்சிமாருக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெரிசலில் ஒருவன் வேண்டுமென்றே உரசினால், கை வைத்தால், பேசாமல் சகித்துக்கொண்டு இறங்குவதைத்தான் வீட்டில் பழக்கிவிடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் செய்த ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸ் உதவியை நாடியவர்களோ 4 வீதம்தான். நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. "கையை எடுங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு செய்கிறவனுக்குப் பயமே, எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுதான். கொண்டக்டரிடம் சொல்லி முன்னுக்குப் போங்கள், பஸ்ஸின் இலக்கத் தகட்டை மனதில் வையுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி இது ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். பெண்களுக்கான உதவிக்கு 1938, பொலிஸுக்கு 119. அப்புறம், பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் "நீ ஏன் அந்த பஸ்ஸில் ஏறினாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி போதும், அடுத்த தடவை அவள் சொல்ல மாட்டாள். பக்கத்தில் நிற்கும் தம்பிமாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், அவள் வாய் திறந்ததும் கூடவே குரல் கொடுங்கள்.

பஸ்ஸில் சீனியர் யாராவது "முதல் வருடம் சீட்டில் இருக்கக் கூடாது" என்று எழுப்பினால், அதுவும் ராகிங்தான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழக மதிலோடு நின்றுவிடுவதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் நாள், நேரம், பஸ் ஆகியவற்றை எழுதி வைத்து மாணவ ஆலோசகரிடம் சொல்லலாம்.

மழைக்காலத்தை வெளியூர்ப் பிள்ளைகள் குறைத்து மதிப்பிடுவார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்று மழை. வயல் நிறைந்து வாவி நிறைந்தால் தண்ணீர் வீதிக்குத்தான் ஏறும். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில் மாவடிப்பள்ளி இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களோடு ஓர் உழவு இயந்திரம் அந்த இடத்தில்தான் வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பஸ் ஓடவில்லை என்றால் ரோடு அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் "டிராக்டரில் கடந்துவிடலாம்" என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். தண்ணீருக்குள் வீதியின் ஓரம் எங்கே என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. காலையில் புறப்பட முன் வகுப்பு வட்சப் குழுவில், அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் வீதி நிலைமையைக் கேளுங்கள்.

கொழும்புப் பக்கமிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் பரீட்சை நாளன்று காலை வந்திறங்கி நேரே மண்டபத்துக்குப் போகலாம் என்று திட்டமிட வேண்டாம். கல்ஓயாவுக்கும் பொலன்னறுவைக்கும் இடையில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு, ரயில் தாமதிப்பது அங்கே புதிதல்ல. வந்தாறுமூலையில் ரயில் நிலையம் இருக்கிறது என்பதற்காக எல்லா ரயிலும் அங்கே நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு, நிற்காவிட்டால் ஏறாவூரிலோ மட்டக்களப்பிலோ இறங்கி பஸ் பிடியுங்கள். மட்டக்களப்பில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் வேறு வேறு இடங்களில். பையைத் தூக்கிக்கொண்டு மாற கையில் அரை மணித்தியாலம் வைத்திருங்கள்.