வீட்டு மரத்தில் கை வைக்கும் முன்: உள்ளாட்சி அனுமதி, படிப்படியாக

“நம்ம இடத்து மரம், நாம வெட்டுறோம், இதுக்கு யாரைக் கேட்கணும்?” மரம் வெட்டும் பேச்சு எழும் வீட்டில் பெரும்பாலும் இந்தக் கேள்வியும் எழும். உலகின் பல நகரங்களில் இதற்கு ஒரே பதில்தான்: உள்ளாட்சியைக் கேட்க வேண்டும். நிலம் ஒருவருடையதாக இருக்கலாம். அங்கே நிற்கும் மரத்தின் நிழலும் குளிர்ச்சியும் அது பிடித்துவைக்கும் மழைநீரும் தெருவுக்கே சேர்ந்தவை. வளர 40 ஆண்டு எடுத்த மரம் ஒரு காலைப்பொழுதில் கீழே விழுந்துவிடும். அதனால்தான் ரம்பத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பத்தை வைத்திருக்கிறார்கள்.

இதுவரை ஒரு விண்ணப்பமும் எழுதாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்கு ஊர் விதி மாறும், ஆனால் வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: மரம் யாருடையது?

பொதுவாக அடிமரம் எந்த நிலத்தில் எழுகிறதோ அந்த நிலத்துக்காரருடையதுதான் மரம். கிளை முழுக்க உங்கள் மொட்டைமாடிக்கு மேல் கவிந்திருந்தாலும் கணக்கு மாறாது. அடிமரமே எல்லைக்கோட்டில் நின்றால் இரு வீட்டாருக்கும் பங்கு உண்டு, எனவே இருவரின் சம்மதமும் வேண்டும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வெளியே, நடைபாதையை ஒட்டி நிற்கும் மரம் பெரும்பாலும் உள்ளாட்சியின் சொத்து. நீங்களே கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும் அப்படித்தான். அதற்கு நீங்கள் கோரிக்கை மட்டுமே வைக்க முடியும். வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்து வேலையைச் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

எல்லை தாண்டி வந்த கிளையைத் தன் பக்கம் வரை நறுக்கிக்கொள்ளும் உரிமை பல நாடுகளில் உண்டு. அந்த மரம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் அந்த ஒரு கிளைக்கும் முதலில் கேட்டுவிடுவதே நல்லது.

படி 2: விதியில் ‘மரம்’ என்றால் என்ன, ‘வெட்டுவது’ என்றால் என்ன?

உள்ளாட்சியின் இணையதளத்திலோ நேரில் அலுவலகத்திலோ மர விதிகளைக் கேட்டு வாங்குங்கள். முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் விளக்கச் சொற்கள் இருக்கும் முதல் பக்கத்தையாவது நிதானமாகப் படியுங்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

டெல்லியின் மரப் பாதுகாப்புச் சட்டத்தை (1994) எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தண்டின் விட்டம் 5 செ.மீ. இருந்து, 1 மீட்டராவது உயரமும் இருந்தால் அந்தச் செடி சட்டப்படி மரம். அதாவது, நாம் கன்று என்று நினைப்பதே அங்கே மரமாகிவிடுகிறது. அதே சட்டத்தில் ‘வெட்டுதல்’ என்ற சொல்லுக்குள் அடியோடு சாய்ப்பது மட்டும் அடங்கவில்லை. கிளைகளைக் கழிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, மரத்தைக் கொல்லும் மருந்து வைப்பது, எரிப்பது எல்லாம் அதில் சேர்ந்தவை. “நான் வெட்டவில்லை, சும்மா கழித்துவிட்டேன்” என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இங்கிலாந்தில் வேறு ஏற்பாடு. அங்கே உள்ளாட்சி ஒரு தனி மரத்துக்கோ ஒரு தோப்புக்கோ பாதுகாப்பு ஆணை போடலாம். ஆணை உள்ள மரத்தை அனுமதியில்லாமல் அகற்றினால் அபராதம் மட்டுமல்ல, அதே இடத்தில் இன்னொரு மரம் நட வேண்டிய கடமையும் வரும். அந்தக் கடமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். நிலத்தை விற்றால் வாங்கியவர் தலையில் விழும். வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பதுபோல் மரத்தின் நிலையையும் விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பழமையான மரம், அருகிவரும் இனம், புராதனப் பகுதியில் நிற்கும் மரம் ஆகியவற்றுக்கு வேறு விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 50 வயதைத் தாண்டிய மரங்கள் பாரம்பரிய மரங்களாகக் கருதப்படுகின்றன.

படி 3: நாடாவை எடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம், ஏனென்றால் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பல இடங்களில் அளவுதான் தீர்மானிக்கிறது.

முதல் குழப்பம்: விட்டமா, சுற்றளவா? தண்டைச் சுற்றி நாடாவைப் போட்டால் கிடைப்பது சுற்றளவு. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். விதி விட்டத்தைச் சொல்லும்போது சுற்றளவை எழுதிவிட்டால் மரம் மூன்று மடங்கு பருத்துவிடும். தலைகீழாக நடந்தால் பாதுகாக்கப்பட்ட பெரிய மரம் காகிதத்தில் குச்சியாகிவிடும்.

இரண்டாவது குழப்பம்: எந்த உயரத்தில் அளப்பது? டெல்லியில் 30 செ.மீ. என்று பார்த்தோம். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலங்களிலும் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்துக்கு அனுமதி வேண்டும், அதைத் தரையிலிருந்து அரை மீட்டரில் அளக்கிறார்கள். டொரான்டோவில் தனியார் நிலத்து மரம் 30 செ.மீ. விட்டத்தை எட்டினால் அனுமதி தேவை, அளக்கும் உயரம் 1.4 மீட்டர். இங்கிலாந்தின் புராதனப் பகுதிகளில் 1.5 மீட்டர் உயரத்தில் விட்டம் 7.5 செ.மீ.-ஐத் தாண்டினாலே ஆறு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரே மரம் நாடா போடும் உயரத்தைப் பொறுத்து வேறு வேறு எண்ணைக் காட்டும், ஏனென்றால் அடிமரம் தரைக்கு அருகே பெரும்பாலும் அகன்றிருக்கும். எனவே உங்கள் ஊர் விதி சொல்லும் உயரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு அங்கே அளக்கவும்.

ஒரு கணக்கு பார்ப்போம். விதி 30 செ.மீ. விட்டம் என்கிறது. நாடாவில் 94 செ.மீ. வந்தால் விட்டம் 29.9. நாடாவில் 95 வந்தால் 30.2. ஒரு செ.மீ. வித்தியாசத்தில் நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறீர்கள். இப்படி எல்லையில் நிற்கும் மரத்துக்கு அனுமதி கேட்டுவிடுங்கள். வெட்டியபின் மீதியிருக்கும் அடிக்கட்டையை அதிகாரி அளந்து பார்க்கும்போது வாதாட உங்கள் கையில் எதுவும் இருக்காது.

நாடா கிடைமட்டமாக இருக்க வேண்டும். கொடி படர்ந்திருந்தால் விலக்கிவிட்டு அளக்கவும். சரிவான நிலத்தில் வழக்கமாக மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். தண்டு கீழேயே இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து எழுதுங்கள். சில விதிகள் அவற்றைக் கூட்டும், சில பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாடா சுற்றியபடியே ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

படி 4: உண்மையிலேயே அகற்றத்தான் வேண்டுமா?

விண்ணப்பம் எழுதும் முன் இந்தக் கேள்விக்கு மனதார ஒரு பதில் தேடுங்கள். அதிகாரியும் முதலில் இதைத்தான் கேட்பார்.

இலை கொட்டுகிறது, பறவை எச்சமிடுகிறது, வெளிச்சம் மறைக்கிறது: இவை பெரும்பாலும் ஏற்கப்படாத காரணங்கள். என் கருத்திலும் ஏற்கக் கூடாதவைதான். அடிமரத்தில் பெரிய பொந்து, வேர்ப்பகுதியில் காளான், திடீரென்று கூடிய சாய்வு, அந்தச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேலெழும்பி வெடித்திருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அப்போதும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மரங்களின் நலம் பார்க்கும் வல்லுநர். வெட்டுக்கூலி வாங்குகிறவரிடம் “வெட்டணுமா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

பல சமயம் ஒரு கிளையைக் கவாத்து செய்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும். அனுமதி தேவையா என்று பார்த்துவிட்டு, கனமான கிளையை மூன்று வெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். தண்டிலிருந்து சற்றுத் தள்ளி கீழிருந்து மேலாக ஒரு அரை வெட்டு. அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு முழு வெட்டு, இத்தோடு பாரம் இறங்கிவிடும். கடைசியாக மிஞ்சிய கட்டைத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் புடைப்பைத் தொடாமல் அதன் வெளிப்பக்கமாக எடுக்க வேண்டும். முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும் வேகத்தில் தண்டின் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும்.

அந்தப் புடைப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? மரத்துக்கு நம் தோல்போலக் காயம் ஆறுவதில்லை. அமெரிக்க மர நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ எத்தனையோ மரங்களைப் பிளந்து ஆராய்ந்து காட்டியது இது: மரம் அழுகும் பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, புதிய கட்டையை வெளியே வளர்த்துக்கொள்கிறது. அந்தச் சுவருக்கான ஏற்பாடு கிளையடிப் புடைப்பில் இருக்கிறது. அதைச் சீவிவிட்டால் அழுகல் தண்டுக்குள் இறங்க வழி திறந்துவிடுகிறோம். உச்சியை மொட்டையடிப்பதும் இதே தவறுதான். மரம் சில மாதத்தில் தளிர்த்துவிடும், ஆனால் அந்தத் தளிர்க்கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பெருங்காற்றில் முதலில் முறிபவை அவை.

படி 5: விண்ணப்பம்

மரத்தின் பெயர், படி 3-இல் எடுத்த அளவு, தோராயமான உயரம், செய்ய விரும்பும் வேலை, காரணம். இவற்றோடு ஒரு கைவரைபடம் போதும்: வீடு, சாலை, எல்லைச் சுவர், மின்கம்பி, மரம், இடையிலுள்ள தூரங்கள். படங்களில் ஒன்று முழு மரத்தையும், ஒன்று அடிமரத்தையும், மற்றவை குறையையும் காட்ட வேண்டும். நில உரிமைச் சான்றையும், தேவைப்பட்டால் வல்லுநர் அறிக்கையையும் இணையுங்கள்.

வேலையை எழுதும்போது “மரத்தைச் சரிசெய்ய” என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். “கிழக்குப் பக்கம், 4 மீட்டர் உயரத்தில், கூரையைத் தொடும் ஒரு கிளை மட்டும்” என்று எழுதினால் அதிகாரி இருந்த இடத்திலேயே புரிந்துகொள்வார். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்க மறக்காதீர்கள். கெடு எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

படி 6: ஆய்வும் உத்தரவும்

ஆய்வுக்கு வருகிறவர் எந்த மரம் என்று தேடாதபடி ஒரு துணியைக் கட்டிவையுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். உத்தரவு வந்ததும் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். எத்தனை நாளுக்குள் வெட்ட வேண்டும், ஈடாக எத்தனை கன்று, டெபாசிட் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்கும் கெடு உண்டு. இங்கிலாந்தில் அது 28 நாள்.

படி 7: வெட்டும் நாள்

காலையில் முதல் வேலையாக அண்ணாந்து பாருங்கள். கூடு, குஞ்சு, பொந்தில் வௌவால் இருந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள். பல நாடுகளில் மர அனுமதி கையில் இருந்தாலும் வனவிலங்குச் சட்டம் தனியாகப் பாயும். அனுமதியின் நகலை வாசலில் ஒட்டிவிடுங்கள், தெருவில் வரும் பாதிச் சண்டை அத்தோடு அடங்கும். மின்கம்பி அருகே என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

புயலில் முறிந்து வீட்டின்மேல் தொங்கும் கிளைக்கு யாரும் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதில்லை. உடனடி ஆபத்துக்குப் பல விதிகளில் விலக்கு உண்டு. அப்போதும் ஆபத்தான பகுதியை மட்டும் எடுங்கள், எடுக்கும் முன் பல கோணங்களில் படம் பிடியுங்கள், அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ஆபத்து இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்.

படி 8: மரத்தை வைத்துக்கொண்டே வீடு கட்டுவது

என் அனுபவத்தில் ரம்பத்தைவிடக் கடப்பாரைக்கும் மணல் லாரிக்கும் இரையாகும் மரங்கள் அதிகம். ஒருமுறை குழாய் பதிக்க ஒரு மரத்தின் ஒருபக்க வேரை அறுத்து மூடிவிட்டோம். அன்று மரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோடை கழித்து அந்தப் பக்கம் முழுவதும் பட்டுப்போனது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் 60 செ.மீ.-க்குள், கிளை விரிப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. அவற்றுக்கு நீர் அளவுக்குக் காற்றும் வேண்டும். செங்கல் அடுக்கினாலோ வண்டி ஏறி இறங்கினாலோ மண் இறுகி, வேர் மூச்சுத் திணறிச் சாகும்.

பிரிட்டனின் கட்டுமானத் தரநிலை சொல்லும் கணக்கு எங்கும் உதவும்: 1.5 மீட்டர் உயரத்தில் எடுத்த விட்டத்தை 12-ஆல் பெருக்குங்கள். விட்டம் 50 செ.மீ. என்றால் 6 மீட்டர். தண்டை மையமாக வைத்து அந்த ஆரத்தில் வட்டம் போட்டு, வேலை தொடங்கும் முன்பே அசையாத வேலி போடுங்கள். உள்ளே தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, சிமென்ட் கழுவிய நீரை ஊற்றக் கூடாது. குழாய் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், அனுமதி பெற்று மெஷின் இல்லாமல் கையால் தோண்டி, பெரிய வேர்களின் அடியில் நுழைத்துக் கொண்டுபோகலாம்.

படி 9: ஈடுசெய்யும் கன்று

நடச் சொன்ன எண்ணிக்கையை நட்டுவிட்டுக் கணக்கு முடிந்தது என்று போய்விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டும்வரை தண்ணீர் வேண்டும். மின்கம்பிக்கு அடியில் உயரமாகும் இனத்தை நட்டால் பத்து ஆண்டில் மீண்டும் படி 1-க்கே வந்து நிற்பீர்கள். குழியைக் கன்றின் வேர்க்கட்டி ஆழத்துக்கு மட்டும், ஆனால் அகலமாக எடுங்கள். தண்டு வேராக விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முட்டுக்கோல் கட்டினால் கயிறு தளர்வாக இருக்கட்டும், கன்று ஊன்றிக்கொண்டதும் அதை அவிழ்த்துவிடுங்கள். நட்ட அன்று ஒரு படம், ஓராண்டு கழித்து அதே இடத்தில் நின்று ஒரு படம். இரண்டையும் அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து வைத்திருந்தால், டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும்போது அவற்றையே காட்டலாம்.