நோட்டுப் புத்தகத்தில் தொடங்கும் போராட்டம்: சுற்றுச்சூழல் நீதிக்காகச் செயல்பட விரும்புவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மரம் நடுவதும் ஞெகிழிப் பைகளைத் தவிர்ப்பதும் நல்ல செயல்களே. சுற்றுச்சூழல் நீதி கேட்கும் கேள்வி அதற்கும் ஒரு படி முன்னே நிற்கிறது: ஓர் ஆலையின் மின்சாரமும் வருமானமும் எங்கோ போய்ச் சேர, அதன் புகையும் சாம்பலும் கழிவுநீரும் யார் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கின்றன, அந்த வாசல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அந்த வீட்டாரிடம் யாராவது கேட்டார்களா என்பதே அது. இந்தக் கேள்வியோடு செயலில் இறங்க விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: ஒரே ஓர் ஊரின் கதையை முழுமையாகப் படியுங்கள்

பல நாடுகளின் செய்திகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஓர் ஊரின் கதையை ஆழமாக அறிவது அதிகம் கற்றுத்தரும். 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் மாவட்டத்தில், பிசிபி என்னும் நச்சு கலந்த மண்ணைப் புதைக்கக் கிடங்கு அமைக்கப்பட்டது. அதை எதிர்த்துச் சாலையில் படுத்து லாரிகளை மறித்த போராட்டத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கிடங்கைத் தடுக்க முடியவில்லை. ஆனாலும் இத்தகைய கிடங்குகள் யாருடைய ஊர்களுக்கு அருகில் வைக்கப்படுகின்றன என்ற ஆய்வுகள் அங்கிருந்துதான் வேகம் பெற்றன.

நமக்கு அருகில் உள்ள கதை கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையுடையது. உப்பனாற்றங்கரையில் இரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கும் அப்பகுதியில், குடிகாடு, ஈச்சங்காடு போன்ற கிராமங்களின் மக்கள் பல ஆண்டுகளாக நாற்றத்தைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும் நேரத்தில் காற்று திசை மாறியிருக்கும்; புகாருக்குச் சான்று இல்லை என்றாகிவிடும். 2004-இல் கிராமத்தவர் சிலர் பயிற்சி பெற்று, தங்களையே கண்காணிப்பாளர்களாக அமைத்துக்கொண்டு, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்ன வாடை வந்தது என்று எழுதத் தொடங்கினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் சிறப்புப் பையைப் பொருத்தி, நாற்றம் வீசும் அந்தக் கணத்திலேயே காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். வெறும் புகாராக இருந்தது அதன்பின் தரவாக மாறியது. எனக்குத் தெரிந்தவரை, தொடக்க நிலையில் உள்ள ஒருவர் பின்பற்ற இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை.

இரண்டாம் படி: நடந்து பாருங்கள், கேளுங்கள்

பாதிக்கப்பட்ட இடத்தில் வாழ்பவர் நீங்களாக இருந்தால் இந்தப் படி உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. வெளியிலிருந்து செல்பவராயின், முதல் சில சந்திப்புகளில் எந்த யோசனையும் சொல்லாதீர்கள். எந்த வலையில் மீன் குறைந்தது, எந்தக் கிணற்றின் தண்ணீர் எந்த ஆண்டிலிருந்து குடிக்க ஆகவில்லை என்பதை மீனவர்களும் தண்ணீர் சுமக்கும் பெண்களும் உங்களைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். எந்தக் கோரிக்கையை முன்வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே. அவர்களின் நோய் விவரத்தையோ படத்தையோ சம்மதமின்றி எங்கும் பகிரக் கூடாது. ஆலை வளாகத்துக்குள் நுழையாமல் பொதுச் சாலையிலிருந்தே படமெடுங்கள், தனியாகச் செல்லாதீர்கள்.

மூன்றாம் படி: பதிவேடு எழுதுங்கள்

இதற்குக் கோடு போட்ட நோட்டு ஒன்றே போதும். தேதி, நேரம், நின்ற இடம், காற்றின் திசை, வாடை அல்லது நிறம், எவ்வளவு நேரம் நீடித்தது, உடலில் என்ன தெரிந்தது, உடன் இருந்தவர் யார் என்று எழுதுங்கள். காற்றின் திசையை அறியக் கருவி தேவையில்லை. கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே தெரியும். வாடையைப் பழகிய பொருளோடு ஒப்பிட்டு எழுதுங்கள்: அழுகிய முட்டை, நகப்பூச்சு, எரிந்த ரப்பர். “தாங்க முடியாத நாற்றம்” என்பது உணர்வைச் சொல்கிறது, “அழுகிய முட்டை வாடை, இரவு 11.40 முதல் 12.15 வரை, வடமேற்கிலிருந்து காற்று, தொண்டை எரிச்சல்” என்பது வேதியியல் அறிந்த ஒருவருக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தேடச் சொல்கிறது. அந்த வாயு மூக்கை விரைவில் மரத்துப்போகச் செய்யும் என்பதால், முதல் முறை நுகர்ந்த உடனேயே எழுதிவிட வேண்டும். வாடை வராத நாட்களையும் விடாமல் குறியுங்கள். அப்போதுதான் பதிவேட்டை எவரும் நம்புவார்கள்.

நான்காம் படி: காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

மாசு வெளியேற்றும் ஆலைகளுக்கு, அவை இயங்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணை இருக்கும். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் இருக்கும். இவற்றில் நிபந்தனைகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும். அனுமதி பெற்ற நிறுவனம் அந்த நிபந்தனைகளை எவ்வாறு நிறைவேற்றுகிறது என்று ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு அறிக்கை தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையை உங்கள் நோட்டின் அருகில் வைத்துப் படிப்பதே செயல்பாட்டின் பெரும்பகுதி.

கிடைக்காத ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நான் முதன்முதலில் எழுதிய மனுவில் “ஏன் இந்த ஆலை மீது நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்டிருந்தேன். கேள்விகளுக்கு விளக்கம் அளிக்க இச்சட்டத்தில் இடமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒரு மாதம் வீணானது. அதன்பின் இப்படி எழுதக் கற்றேன்: “கீழ்க்காணும் ஆலைக்கு வழங்கப்பட்ட, தற்போது நடைமுறையில் உள்ள இசைவாணையின் நகலும், கடந்த இரண்டு ஆண்டுகளில் தங்கள் அலுவலர்கள் மேற்கொண்ட ஆய்வுகளின் அறிக்கை நகல்களும் வழங்குமாறு கோருகிறேன்.” அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுப்பது கடினம்.

இதன் ஆற்றலைச் சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூரில் காணலாம். அங்கே கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதியாகக் காட்டிய, 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடம் தகவல் உரிமை மனு வழியாகவே வெளியே வந்தது. பிற்கால வரைபடம் ஒன்றில் அந்தக் கழிமுகத்தின் பெரும்பகுதியே இல்லாமற்போயிருந்தது. படகு ஓட்டும் நீர்ப்பரப்பு காகிதத்தில் தரையாகியிருந்ததை மீனவர்கள் அப்படித்தான் நிரூபிக்க முடிந்தது.

ஐந்தாம் படி: கூட்டத்தில் பேசுங்கள்

புதிய திட்டம் வருமானால், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாட்கள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அத்திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். “எதிர்க்கிறோம்” என்று முழங்குவதோடு நிறுத்தாமல், “பக்கம் இத்தனையில் நீர்நிலை ஏதும் அருகில் இல்லை என்கிறீர்கள், எங்கள் ஏரி அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது” என்று சொல்லுங்கள், எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்புத் தமிழில் வாசிக்கப்பட்டு, அன்றைக்கே கையொப்பமாக வேண்டும் என்பது விதி. பலர் தாங்கள் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வாசிக்கும் வரை இருந்து, உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். ஊராட்சியாக இருந்தால் கிராம சபையிலும் தீர்மானம் கொண்டுவரலாம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகளும் சொன்னதால்தான் அத்திட்டம் நின்றது.

ஆறாம் படி: தீர்ப்பாயம்

புகார்கள் பலனளிக்காதபோது, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதிடவும் முடியும். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் அறுபது நாட்கள் வரைதான் நீட்டிப்பு. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய தேதியிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குங்கள்.