கதவு 36 மில்லிமீட்டர் என்று வந்தால்: பிளானை மாடலுக்குள் எடுக்கும்போது அலகைச் சரிசெய்வது

தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளையில் இரண்டு பக்கமும் வேலை எடுப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் மூன்று விதமான பிளான் வந்துவிடும். கேரளத்தின் பாறசாலைப் பக்கத்துப் பிளான் மீட்டரில் இருக்கும். அங்கே பெர்மிட்டுக்குச் சதுர மீட்டர்தான் கணக்கு. மார்த்தாண்டம், தக்கலைப் பிளான் அடி அங்குலத்தில். ஆசாரி சுற்றளவு குறித்துக் கொடுத்த வீடென்றால் கோல், விரல் என்ற பழைய அளவுகள். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளில் எடுத்தால் ஒன்று புள்ளியாகச் சுருங்கிக் கிடக்கும், இன்னொன்று ஊர் அளவுக்கு விரிந்து நிற்கும். கேட் (CAD) கோப்பில், அதாவது கணினியில் வரைந்த பிளானில், இருப்பது வெறும் எண். அந்த எண் எந்த அலகு என்பது கோப்பில் தனியாக எழுதப்பட்ட ஒரு குறிப்பு மட்டுமே. அது தப்பாகவோ காலியாகவோ இருக்கலாம்.

அதனால் ஸ்கேல் கருவியால் கண்ணளவுக்கு இழுத்துச் சரிசெய்யாதீர்கள். எத்தனை மடங்கு தப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் பிளானைத் திறந்து, டிஸ்ட் கட்டளையால் வாசல் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். மூன்றடிக் கதவுக்கு 36 என்று வந்தால் கோப்பு அங்குலம், 3 என்று வந்தால் அடி. 900 அல்லது 914 என்றால் மில்லிமீட்டர், 90 என்றால் சென்டிமீட்டர், 0.9 என்றால் மீட்டர். டைமென்ஷனில், அதாவது அளவுக்கோட்டில், எழுதியிருக்கும் எண்ணை நம்பவே வேண்டாம். அதைக் கையால் மாற்றி எழுதியிருக்கலாம், அல்லது டிம்எல்ஃபேக் என்ற பெருக்கல் எண் உள்ளே இருக்கலாம். கதவு ஒன்றோடு நிற்காமல், குறுக்கே ஒரு சுவரும் நெடுக்கே ஒரு சுவரும் அளந்து பாருங்கள். ஸ்கேன் செய்து அதன்மேல் வரைந்த பிளான் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருந்தால் இதில்தான் தெரியும்.

பிறகு யூனிட்ஸ் கட்டளையில் இன்சர்ஷன் ஸ்கேல், அதாவது கோப்பின் அலகுக் குறிப்பு, எதில் நிற்கிறது என்று பாருங்கள். இன்ஸ்யூனிட்ஸ் என்று தட்டினாலும் தெரியும்: 0 என்றால் அலகே இல்லை, 1 அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர். நீங்கள் அளந்ததும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். பலர் இங்கே 4 என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். இந்த எண்ணை மாற்றினால் பெயர்ப்பலகை மாறுமே தவிர, ஒரு கோடுகூட நகராது. கோடுகளையே மாற்ற ஸ்கேல் கட்டளை வேண்டும்: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அடிப்புள்ளி 0,0 கொடுத்து, பெருக்கும் எண்ணைத் தட்டுங்கள். அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு 25.4, அடியிலிருந்து மில்லிமீட்டருக்கு 304.8, மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு 1000. அதற்கு முன் ஃப்ரீஸ் ஆன (மறைத்து வைத்த) லேயர்களையும் பூட்டிய லேயர்களையும் திறந்துவிடுங்கள். மறந்தால் சுவர் வளரும், ஃப்ரீஸில் இருந்த தூண் பழைய அளவிலேயே மூலையில் கிடக்கும்.

ஸ்கெட்ச்அப்பில் இம்போர்ட் பெட்டி திறந்ததும் நேரே ஓகே அழுத்த வேண்டாம். ஆப்ஷன்ஸுக்குள் போய், அளந்து கண்டுபிடித்த அலகை நீங்களே தேர்ந்தெடுங்கள். அலகு தெரியவே இல்லையென்றால் மீட்டரில் வையுங்கள். பெரிதாக வந்ததைச் சுருக்கலாம். சிறிதாக வந்ததை வளர்த்தால் சேதம் உண்டு. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளை ஸ்கெட்ச்அப் ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும். மீட்டரில் வரைந்த பிளானை மில்லிமீட்டராக இம்போர்ட் செய்தால் 20 மில்லிமீட்டர் கிரில் கம்பி 0.02 மில்லிமீட்டராகிவிடும், அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டது. பிறகு 1000 மடங்கு பெருக்கினால் சுவர் சரியாக நிற்கும், கம்பியும் கைப்பிடி வளைவும் காணாமல் போயிருக்கும் அல்லது முடிச்சாகக் கிடக்கும். பெருக்குவதால் அவை திரும்பி வராது. அழித்துவிட்டுச் சரியான அலகில் மறுபடி இம்போர்ட் செய்வதுதான் வழி.

வந்தது பெரிதாக இருந்தால் டேப் மெஷர் போதும். பிளான் குரூப்பாகவோ காம்போனென்டாகவோ இருந்தால் அதற்குள் நுழையுங்கள். வெளியே நின்று செய்தால் மற்ற வேலையும் சேர்ந்து சுருங்கிவிடும். அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நீளச் சுவரின் இரு முனைகளைத் தொட்டு, உண்மை அளவைத் தட்டி என்டர் அழுத்துங்கள். அந்தக் குரூப்பின் அல்லது மாடலின் அளவை மாற்றவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். கதவைவிட நீளச் சுவர் நல்லது. கதவில் விடும் ஒரு மில்லிமீட்டர் பிசகு வீட்டு நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகும்.

இன்னொரு மாடல் மென்பொருளான ரெவிட்டிலும், அலகைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோ டிடெக்டை நம்பாமல் இம்போர்ட் யூனிட்ஸில் அலகைத் தேர்ந்தெடுங்கள். தப்பிவிட்டால் இம்போர்ட் ஆனதின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் மாற்றலாம்.

எந்தப் பெருக்கலாலும் தீராத தப்பு ஒன்று நம் பக்கம் நிறைய உண்டு. ஒன்பதடி ஆறங்குலத்தை 9.6 என்று தட்டி வரைந்திருப்பார்கள். கணினிக்கு அது 9 அடி 7.2 அங்குலம். 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று தட்டியிருந்தால் இன்னும் மோசம், அது 5 அடி 1.2 அங்குலம். ஒரு சுவர் சரியாகவும் அடுத்தது ஓரங்குலம் கூடவும் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஸ்கேல் செய்து பயனில்லை. அந்தச் சுவர்களை மறுபடி வரைய வேண்டும்.

கோல் கணக்கு வீட்டில் கவனம் இன்னும் கூட வேண்டும். ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அதில் 24 விரல், ஒரு விரல் 3 சென்டிமீட்டர். சில ஆசாரிமார் விரலை அங்குலம் என்றே சொல்வார்கள், அதை 2.54 என்று எடுத்தால் முழு வீடும் தப்பு. அறையின் சுற்று 21 கோல் 8 விரல் என்றால் 15.36 மீட்டர். 4.20க்கு 3.48 மீட்டர் வைத்தால் அது சரியாக வரும். இதையே 13 அடி 9 அங்குலம், 11 அடி 5 அங்குலம் என்று ரவுண்டு செய்தால் சுற்று 15.34 மீட்டர் ஆகும், அரை விரலுக்கு மேல் குறையும். வாஸ்துப்படி சுற்றுக் கணக்கு பார்த்து வைத்த அறையில் அது சின்ன விஷயமில்லை. இப்படிப்பட்ட பிளானைத் தொடக்கம் முதலே மில்லிமீட்டரில் வரையுங்கள்.

சர்வே கோப்பில் வேறொரு தொல்லை. யூடிஎம் (நில வரைபடத்தில் இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) ஆயங்களோடு வந்தால் இந்தப் பகுதியின் வடக்கு மதிப்பு 9 லட்சம் மீட்டரைத் தாண்டும். பிளான் மூலப்புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் போய் நிற்கும். மாடலின் முகப்புகள் (ஃபேஸ், அதாவது பரப்புகள்) நடுங்கும், கோடுகள் அறுந்ததுபோல் தெரியும். அலகு தப்பு என்று நினைத்துப் பெருக்க வேண்டாம். மனையின் ஒரு மூலையின் ஆய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆட்டோகேடிலேயே அதை 0,0க்கு நகர்த்தி, பிறகு எடுங்கள்.

சுவர் எழுப்புவதற்கு முன் மனையின் எல்லையை ஒரு முகப்பாக மூடி, என்டிட்டி இன்ஃபோவில் பரப்பைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். ஒரு ஆர் (100 சதுர மீட்டர்) 2.47 சென்ட். 5 சென்ட் மனை 202.3 சதுர மீட்டர் காட்ட வேண்டும். அதற்குப் பதில் 2,178 சதுர மீட்டர் என்று வந்தால் அடிக் கோப்பு மீட்டராக வந்திருக்கிறது: நீளத்தில் 3.28 மடங்கு, பரப்பில் 10.76 மடங்கு.